எட்டாம் நம்பர் ஆள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். மூடியில் தங்கமணி கைப்பட எழுதிய 'தொடாதே' என்ற எச்சரிக்கை, தமிழில் ஒன்று, மராத்தியில் ஒன்று. வீட்டு வேலைக்கு வரும் மௌசி அதை இன்சுலின் என்று நினைத்துக்கொண்டு, "இந்த வயசுலயே சுகரா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு சுகரெல்லாம் இல்லை சாமி. டப்பாவில் இருப்பது ஃபாக்டர் எட்டு. என் அக்கா மகனுடையது. 2023 ஜூனில் கோவில்பட்டியிலிருந்து டோம்பிவலிக்கு எங்களோடு தங்க அவன் வந்ததிலிருந்து அது அங்கே குடியிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு (ஊர் வழக்கப்படி அப்படித்தான் கூப்பிடுவேன்) ஹீமோபிலியா ஏ, கடுமையான வகை. இந்தப் பெயரைச் சொன்னதும் பத்துக்கு ஒன்பது பேர், "அய்யோ, சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் கொட்டி..." என்று இழுப்பார்கள். எந்த சினிமாவில் பார்த்தார்களோ தெரியாது. ஷேவ் பண்ணும்போது அவனும் வெட்டிக்கொள்கிறான், நானும் வெட்டிக்கொள்கிறேன். அழுத்திப் பிடித்தால் இரண்டு பேருக்கும் நிற்கிறது. அவன் ரத்தம் நம்முடையதைவிட வேகமாக ஓடுவதில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வெளிக்காயத்துக்கு அல்ல, உள்ளே கசிவதற்கு. முழங்கால், கணுக்கால், முழங்கை. விழவே வேண்டாம், சும்மா நடந்துபோய்வந்த நாளின் ராத்திரியில்கூட மூட்டுக்குள் கசிய ஆரம்பிக்கும்.

ஏன் இப்படி? எங்கள் பக்கம் வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் கீழிருந்து மேல்வரை வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்கள், பார்த்திருப்பீர்கள். ரத்தம் உறைவதும் அப்படி ஒரு வரிசைதான். ஆட்களுக்குப் பெயர் கிடையாது, ரோமன் எண்கள்தான். எட்டாம் நம்பர் ஆள் வேலைக்கு வராவிட்டால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் ஆள் வராவிட்டால் பி. உண்மையில் எட்டாமவர் சட்டி தூக்குபவர்கூட இல்லை. ஒன்பதாமவர் பக்கத்தில் நின்று "ம், ஆகட்டும், தூக்கு" என்று விரட்டும் மேஸ்திரி மாதிரி. அவர் இல்லாவிட்டால் சட்டி பத்தாமவரிடம் போய்ச்சேர யுகமாகிவிடும். கீழே கலவை இறுகும், மேலே தளம் விழாது.

சிகிச்சை என்பது வராத ஆளைக் கூலிக்கு அமர்த்துவது. அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மாப்பிள்ளைக்கு 12 வயதிலேயே தலைகீழாகத் தெரிந்த கணக்கு. ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் எட்டாம் ஃபாக்டர் 2 சதவீதம் ஏறும். இவன் எடை 60 கிலோ. மூட்டுக் கசிவுக்கு 40 சதவீதம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், 40-ஐ இரண்டால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 1200 யூனிட். பாட்டில்கள் 250, 500, 1000 என்று வரும். ஆக ஒரு ஆயிரமும் ஒரு இருநூற்றைம்பதும். தலையில் அடி என்றால் 100 சதவீதம், 3000 யூனிட். ஏற்றியதில் பாதி 8 முதல் 12 மணி நேரத்தில் காணாமல் போய்விடும். கூலி ஆள் ஷிஃப்ட் முடிந்ததும் துண்டை உதறிக்கொண்டு கிளம்புவதுபோல. ஒன்பதாம் ஃபாக்டருக்குக் கணக்கு வேறு: ஒரு யூனிட்டுக்கு 1 சதவீதம்தான் ஏறும், ஆனால் கூடுதல் நேரம் நிற்கும்.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வங்கியில் குப்பை கொட்டுபவன். இதைப் பார்த்து யாரும் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும்.)

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். ஆறு வயதில் பால் பல் விழுந்து, நாலு நாள் ரத்தம் நிற்காமல், ஐந்தாம் நாள் போய்விட்டார். 1950களின் கதை. ஊரில் அதற்கு 'காத்து அடிச்சிருச்சு' என்று காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2002 கடைசியில், அக்காவின் பிள்ளை தவழ ஆரம்பித்தபோது முழங்காலிலும் மார்பிலும் நீல நீலமாகத் தடிப்பு. பக்கத்து வீட்டில் ஒருத்தி, "பச்சப்புள்ளய இப்படியாம்மா அடிப்பாக?" என்று கேட்டே விட்டாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் ரத்தம். அம்மா அப்போதுதான் தம்பி கதையை எடுத்தாள். மதுரை, அங்கிருந்து வேலூர் சிஎம்சி. எட்டாம் ஃபாக்டர் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று தாளில் வந்தது.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருகிறது. அம்மாவுக்கு இரண்டு எக்ஸ், அதில் ஒன்று பழுது. அக்காவுக்குப் பழுதானது போனது. எனக்கு நல்லது வந்தது. காசைச் சுண்டிப் போட்டதுபோல, வேறு எந்தக் காரணமும் கிடையாது. அந்தக் காசு மறுபக்கமாக விழுந்திருந்தால் என் முழங்கால்தான் இன்று வளைந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வரும். இதெல்லாம் தெரியாத சொந்தக்காரர்கள் அக்காவைப் பார்த்து, யாரிட்ட சாபமோ என்றார்கள். அத்தானின் அம்மா ஒரு வருடம் அக்காவோடு பேசவில்லை. வேலூர் டாக்டர் காகிதத்தில் இரண்டு எக்ஸ் போட்டு விளக்கியதை அக்கா பத்திரமாக மடித்து பீரோவில் வைத்திருந்தாள். மாமியாரிடம் காட்டுவதற்கு.

அந்த நாட்களில் எங்களுக்குக் கைக்கெட்டிய மருந்து பிளாஸ்மாதான். பிளாஸ்மாவில் ஒரு மில்லிக்கு ஒரு யூனிட் அளவில்தான் ஃபாக்டர் இருக்கும். பத்து கிலோ குழந்தைக்கு 40 சதவீதம் கொண்டுவர 200 மில்லி ஏற்ற வேண்டும். அந்த உடம்பில் அதற்கு மேல் ஏற்ற இடம் கிடையாது. அதுவும் உருகி, சொட்டுச் சொட்டாக இறங்கி முடிக்க அரை நாள். அதைவிடத் தேவலை கிரையோ. 1964-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் என்ற அம்மணி கண்டுபிடித்தது. உறைய வைத்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருக விட்டால் அடியில் கசடு மாதிரி ஒன்று தங்குகிறது. எட்டாம் ஃபாக்டரில் பெரும்பங்கு அந்தக் கசடில்தான் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். எந்த ரத்த வங்கியிலும் செய்யலாம். எத்தனை லட்சம் மூட்டுகளைக் காப்பாற்றியிருப்பாரோ, தெருவுக்குக்கூட யாரும் அவர் பெயரை வைத்ததாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து, பிரித்து, பொடியாக்கி பாட்டிலில் அடைத்தார்கள். வீட்டிலேயே வைத்துப் போட்டுக்கொள்ளலாம். பொற்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1980களின் தொடக்கத்தில், அந்தப் பாட்டில்கள் வழியாகவே எச்ஐவியும் ஹெபடைடிஸ் சி-யும் ஆயிரக்கணக்கான பேருக்கு ஏறின. ஒன்பதாம் ஃபாக்டர் குறைக்கு 'கிறிஸ்துமஸ் நோய்' என்று ஒரு பெயர் உண்டு. பண்டிகையை வைத்து அல்ல, 1952-ல் அந்தக் கட்டுரையில் வந்த ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற பையனை வைத்து. அவரும் ரத்தம் வழியாக வந்த எய்ட்ஸில் 1993-ல் போனார். மருந்தைச் சூடாக்கி, ரசாயனத்தில் கழுவி வைரஸைக் கொல்லும் முறை அதற்கப்புறம்தான் கட்டாயமானது. 1984-ல் எட்டாம் ஃபாக்டரின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள், 1992-ல் மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்காத ஃபாக்டர் சந்தைக்கு வந்தது.

எங்கள் வீட்டுக்கு முதல் பாட்டில் வந்தது 2005-ல். ஹீமோபிலியாக்காரர் ஒருவரே, டெல்லியைச் சேர்ந்த அசோக் பகதூர் வர்மா, 1983-ல் ஆரம்பித்த கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் கிளை மூலம் மற்ற இடங்களைவிடக் குறைந்த விலையில் வாங்கினோம். அந்தக் குறைந்த விலையே அத்தானின் ஒரு மாதச் சம்பளம். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளைக்கு என்ன பெரிய சம்பளம்? அதனால் பாட்டில் இருந்தாலும், "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம், தானா வத்திரும்" என்று ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த 'பொறுத்துப் பார்ப்போம்' என்பதுதான் எமன். மூட்டுக்குள் இறங்கிய ரத்தம் சும்மா வற்றிப் போவதில்லை. அதிலிருக்கும் இரும்பு மூட்டின் உள் சவ்வில் படிந்து அதை வீங்க வைக்கும். வீங்கிய சவ்வு இன்னும் லேசாகக் கசியும். கசியக் கசியக் குருத்தெலும்பு தேயும். கசிவு தொடங்குவது அவனுக்கு முதலிலேயே தெரியும். "உள்ள யாரோ சுடுதண்ணி ஊத்துற மாதிரி இருக்கு மாமா" என்பான். வீக்கம் வெளியே தெரிய இன்னும் மணிக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில், முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், மருந்து ஏறிவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் போகலாம். கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து மதுரை போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஊசி ஏற அன்றைக்கெல்லாம் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம். போய்ச்சேரும்போது முழங்கால் தேங்காய் மாதிரி இருக்கும். ஏழாம் வகுப்பு முடிவதற்குள் வலது முழங்கால் முழுதாக நீளாமல் போய்விட்டது. மருந்து கண்டுபிடிக்கப்படாததால் அல்ல. ஊருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர் இருந்ததால்.

அதை மாற்றியது ஒரு இரண்டு நாள் முகாம். அங்கே அம்மாக்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருத்தி கையில் இன்னொருத்தி குத்திப் பழக வைத்தார்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்திய என் அக்கா, ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவள், யாரோ ஒரு சேலத்துக்காரம்மாவின் நரம்பை மூன்றாவது முயற்சியில் பிடித்தாளாம். "அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலடா, சிரிச்சிக்கிட்டே அழுதுச்சு" என்றாள் போனில். 12 வயதில் மாப்பிள்ளையே கற்றுக்கொண்டான். ஊன்றுகோலோடு வந்திருந்த ஒரு அண்ணன், தன் இரண்டு முழங்காலையும் காட்டி, "நான் யாருக்காவது காத்திருந்தேன், இப்படி ஆச்சு. நீ காத்திருக்காதே" என்று சொல்லிக்கொடுத்தாராம்.

பார்க்க அழகான வேலை அது. பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுமை. தண்ணீரைப் பொடிக்குள் விட்டபின் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். வடிகட்டி வழியாகச் சிரிஞ்சில் உறிஞ்சி, மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, பட்டர்ஃபிளை ஊசியை நரம்பில் நுழைத்து, ரத்தம் திரும்பி வருகிறதா பார்த்து, அவசரமில்லாமல் ஏற்றுவது. பிறகு பாட்டிலின் ஸ்டிக்கரை உரித்து நாற்பது பக்க நோட்டில் ஒட்டி, தேதி, நேரம், எந்த மூட்டு, எத்தனை யூனிட். அப்படிப் பதினோரு நோட்டு வைத்திருக்கிறான். எங்கள் வங்கி ஆடிட்டில்கூட இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை.

இவ்வளவு இருந்தும், பி.காம். முடித்து தாணேயில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தபோது அக்கா விடுவதாக இல்லை. "லோக்கல் ட்ரெயின்ல ஆள ஆள் மிதிப்பாகளாமே" என்றாள். பொய்யில்லை. டோம்பிவலியில் காலை 8 மணிக்கு நீங்கள் ஏற வேண்டாம், கூட்டமே ஏற்றிவிடும். நான்தான் வாக்குக் கொடுத்து அழைத்து வந்தேன்.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை மழை. ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் தலை மோதிவிட்டது. ரத்தமில்லை, லேசான புடைப்பு. அவன் போனில் சொன்னது ஒரே வரி: "மாமா, தலையில அடி, ஆஸ்பத்திரிக்கு வந்திருங்க." பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். கேஷுவால்டியில் ட்யூட்டி டாக்டர் முதலில் ஸ்கேன், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றார். நம் எல்லோருக்கும் அது சரி. ஹீமோபிலியாக்காரருக்குத் தலைகீழ்: முதலில் ஃபாக்டர், அப்புறம் ஸ்கேன். ஸ்கேனில் தெரியும் அளவுக்குக் கசியும்வரை காத்திருந்தால் மூளைக்குள் இடம் ஏது? இவன் அட்டையைக் காட்டினான், பையிலிருந்து இரண்டு ஆயிரம் யூனிட் பாட்டில்களை எடுத்தான். வெளியிலிருந்து கொண்டுவந்த மருந்தை இங்கே ஏற்றுவதில்லை என்றார்கள். அந்த விதியில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன், எவன் எதைக் கொண்டுவருவானோ. ஆனால் அவர்கள் மருந்துக்கடையில் ஃபாக்டர் எட்டு இல்லை. வரவழைக்க நாளை ஆகும் என்றார்கள்.

மாப்பிள்ளை சண்டை போடவில்லை. நோயாளிகள் உட்காரும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். "மாமா, இதை உருட்டுங்க, குலுக்காதீங்க" என்று ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தான். செக்யூரிட்டி ஓடிவந்து இந்தியில் ஏதோ கத்தினார். இவன், "ரெண்டு நிமிஷம் பாய்சாப்" என்று சொல்லிக்கொண்டே நரம்பைப் பிடித்துவிட்டான். என் கைதான் ஆடியது, அவன் கை ஆடவில்லை. தங்கமணி மூன்றாவது பாட்டிலைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ் பேக்கோடு வைத்து மழையில் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தாள். விழுந்தது 8:10. மூன்று பாட்டிலும் ஏறி முடிந்தது 9:30. ஸ்கேன் 10 மணிக்கு. ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஏற்ற அரசு மருத்துவமனையில் கிடைத்தது. கிளம்பும்போது அந்த ட்யூட்டி டாக்டர், சின்னப் பையன்தான், இவனைத் தனியாகக் கூப்பிட்டு, கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது இது, அவர் அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார்.

கோபமெல்லாம் வேறொரு கவுன்ட்டர்மேல். இப்போது பல மாநிலங்களில் அரசு மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகக் கிடைக்கிறது, நம் ஊரிலும் இங்கேயும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்ந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இங்கே ஒரு மருத்துவமனையில் பதிவு பண்ணப் போனால், "ரேஷன் கார்டு எந்த ஊர்?" என்றார்கள். கோவில்பட்டி. "அப்படியானால் அங்கே போய் வாங்கு." 1,500 கிலோமீட்டர்! வாடகை ஒப்பந்தம், ஆதாரில் புது முகவரி, ஆபீஸ் கடிதம் என்று மூன்று மாதம் அலைந்தோம். அந்த மூன்று மாதமும் அத்தான் தமிழ்நாட்டில் வாங்கியதை ஐஸ் பெட்டியில் வைத்து, ஊரிலிருந்து ரயிலில் வரும் தெரிந்தவர் அறிந்தவர் கையிலெல்லாம் கொடுத்துவிட்டார். பிழைப்புக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகிறவன் ரத்தம் மட்டும் சொந்த ஊரிலேயே இருக்கும் என்று யார் நினைத்தார்களோ.

இப்போது அவன் கசிந்தபின் போட்டுக்கொள்வதில்லை, முன்கூட்டியே போடுகிறான். ஞாயிறும் புதனும் 500 யூனிட். ஸ்வீடனில் மால்மோவில் 1958-லேயே இதை ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் சின்னப் பையன்கள் 65 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள்: முன்கூட்டியே போட்டவர்களில் 93 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் மூட்டு ஸ்கேன் சுத்தம், கசிந்தபின் போட்டவர்களில் 55 சதவீதம்தான். அங்கே கொட்டும் அளவு நமக்குக் கட்டுபடியாகாது. ஆனால் குறைந்த அளவில் வாரம் இரண்டு முறை போட்டாலே கசிவு வெகுவாகக் குறைகிறது. எப்போதாவது கசிந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று பாட்டிலை மிச்சம் பிடிப்பது சிக்கனம் என்று இன்னும் சில இடங்களில் நினைக்கிறார்கள். வளைந்த முழங்காலுக்கு மாற்று மூட்டு வைக்க எத்தனை ஆயிரம் யூனிட் வேண்டும் என்று அவர்கள் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

பயம் ஒன்று பாக்கி இருக்கிறது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் நூற்றில் 30 பேர்வரை, உடம்பின் காவல்காரன் இந்தக் கூலி ஆளைத் திருடன் என்று நினைத்து அடித்துத் துரத்திவிடுவான். இன்ஹிபிட்டர் என்பார்கள். அப்புறம் ஃபாக்டர் எட்டு எவ்வளவு ஏற்றினாலும் வீண், சுற்றுவழியில் வேலை செய்யும் மருந்துகள்தான். ஒவ்வொரு தடவை அந்த ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அக்கா சாப்பிடமாட்டாள். இதுவரை இல்லை.

புதுசாக எமிசிசுமாப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது. இது எட்டாம் ஆளே இல்லை. ஒன்பதாமவர் கையையும் பத்தாமவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைக்கும் வேறொருவர். தோலுக்கு அடியில் போட்டால் போதும், வாரம் ஒருமுறை, ஏன் மாதம் ஒருமுறைகூட. அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கும் பெரிய அடி, ஆபரேஷன் என்றால் ஃபாக்டர் பாட்டில் வேண்டும். வேலூரிலோ ஐந்து பேருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே எட்டாம் ஃபாக்டரின் மரபணுவை ஏற்றிப் பார்த்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து 81 மாதம் கவனித்ததில் கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் வெளியானது. வாட்ஸ்அப்பில் அதை இவனுக்கு அனுப்பினேன். "அஞ்சு பேர்தான மாமா. பாப்போம்" என்று பதில் போட்டுவிட்டு, அன்று புதன்கிழமை, ஊசி போடப் போய்விட்டான்.

2025 ஜூனில் புனேயில் இன்னும் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். மூன்று பையன்களோடு அறை. அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஃபிரிட்ஜ் இருக்கா, கரண்ட்டு போகுமா?" அறைத் தோழர்கள் மூவருக்கும் பாட்டிலை உருட்டத் தெரியும், எந்த மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று தெரியும். கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறான். எங்கள் ஃபிரிட்ஜில் மூன்றாயிரம் யூனிட்டை விட்டுவிட்டுத்தான் போனான், சனி ஞாயிறு வரும்போது வேண்டுமே. ஞாயிறும் புதனும் இரவு 9 மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து அவனுக்குப் போன் போகும். "போட்டியா?" "போட்டாச்சும்மா." அவ்வளவுதான் பேச்சு. மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்.

இப்போது பைக் வாங்க வேண்டும் என்கிறான். ஆபீஸ் எட்டு கிலோமீட்டர், பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் முழங்கால் தாங்கவில்லையாம். அக்கா, "என் பொணத்து மேல ஓட்டச் சொல்லு" என்கிறாள். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளட்டுமே என்று தங்கமணி நடுவில் ஒரு யோசனை சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறாள். நாளைக் காலை அத்தான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.